காளான் இடமும் கூட்டுப் பாதுகாப்பும்

ஷிலாகிரிஸ் ஊர்க்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சம்பளம் எவ்வளவு, ஓட்டு யாருக்கு, போன மாதம் பெண்டாட்டி எதற்குக் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள், எல்லாவற்றுக்கும் பதில் வரும். காளான் எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வரும். "காட்டுல" என்பார்கள். காட்டில் இல்லாமல் தேவாலயத்துக் கூரையிலா பறிப்பார்கள்?

லித்துவேனியாவின் தென்கிழக்கு ஓரத்தில், நாற்பத்து மூன்று வீடும் ஒரு தேவாலயமும் ஒரு மளிகைக் கடையுமாக இருக்கிற ஊர் அது. ஊருக்குக் கிழக்கே காடு. காட்டுக்கு அந்தப் பக்கம், சரியாகப் பதினோராவது கிலோமீட்டரில், பெலாருஸ் எல்லை. செப்டம்பர் பிறந்தால் ஊரே விடியுமுன் எழுந்துவிடும். காரை வடக்கே நிறுத்திவிட்டுத் தெற்கே நடப்பார்கள். திரும்பும்போது கூடையைப் பெரணி இலையால் மூடிக்கொள்வார்கள். எதிரே யாராவது வந்துவிட்டால், கூடையின் பாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே, "இந்த வருஷம் ஒண்ணுமே இல்லப்பா" என்பார்கள். கேட்கிறவரும் சாய்ந்துகொண்டே தலையாட்டுவார்.

யோவிதா அந்த ஊர் அலுவலகத்தில் எழுத்தர். அலுவலகத்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு. ஊரில் ஒரு பிரச்சினை என்று காற்றில் வாடை வந்தாலே அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், மருத்துவ விடுப்பில் போய்விடுவார். ஆகையால் முத்திரை, சாவி, வசவு மூன்றும் நிரந்தரமாக யோவிதாவிடம்தான். ஊர் மக்களுடைய ரகசியமெல்லாம் அவள் அலமாரியில் இருந்தது. அவளுடைய ரகசியம் ஒன்றே ஒன்று: பன்றிப்பள்ளம். இடிந்த மரப்பாலத்தைத் தாண்டி, கிழக்குச் சரிவில், ஊசியிலை மரமும் பிர்ச் மரமும் கைகோத்து நிற்கிற ஒரு குழி. அங்கே பாராவிகாஸ் காளான் முளைக்கும். காளான்களில் அது ராஜா. தொப்பி பழுப்பாக, தண்டு குழந்தை முழங்கை மாதிரி. இருபத்தாறு வருஷமாக அந்த இடத்தை அவள் புருஷன் கஸ்பராஸிடம்கூடச் சொன்னதில்லை.

இதில் அவளுக்கு ஒரு மானப் பிரச்சினை இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் பன்னிரண்டு பதார்த்தம் வைக்க வேண்டும், ஒன்றிலும் கறி கூடாது. யோவிதா வீட்டு மேசையில் பன்னிரண்டில் ஐந்து காளான். பக்கத்து வீட்டு தேக்லேயின் மேசையில் நான்கு. அந்த ஒரு தட்டு வித்தியாசத்தின் மேல்தான் யோவிதா இத்தனை வருஷமாகத் தலை நிமிர்ந்து நடந்தாள். தேக்லே விசாரிப்பாள்: "அஞ்சா வெச்சே? எங்கடி கிடைச்சுது?" யோவிதா சொல்வாள்: "காட்டுல."

இப்படியிருக்க, ஜெர்மனியிலிருந்து ஒரு பட்டாளம் வந்து அந்தப் பக்கமாக நிரந்தரமாகத் தங்கப் போகிறது என்று முடிவாயிற்று. எல்லைக்கு அப்பால் என்ன நடக்குமோ என்று எல்லோருக்கும் பயம்தான். ஒரு நாட்டுக்கு ஆபத்து என்றால் எல்லா நாட்டுக்கும் ஆபத்து, ஒருவருக்காக எல்லோரும் நிற்பது என்று கூட்டாளி நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. நல்ல விஷயம். ஷிலாகிரிஸ் மக்கள் கை தட்டி வரவேற்றார்கள். பட்டாளம் எந்த இடத்தில் தங்கும் என்று கேள்வி வந்தபோது தட்டின கை அப்படியே நின்றது.

ஜூன் மாதத்தில் தலைநகர் வில்னியஸிலிருந்து ஒரு கட்டு காகிதம் வந்து இறங்கியது. மேலே இப்படி அச்சடித்திருந்தது: "வனப்பகுதியில் குடிமக்களின் பாரம்பரியப் பயன்பாட்டு நிலைகள் குறித்த, தன்விருப்பத்தின் பேரிலான கட்டாய அறிவிப்புப் படிவம்." கூடவே வீட்டுக்கு ஒரு காட்டு வரைபடம். அவரவர் காளான் பறிக்கிற இடத்தை அதில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். குறித்த இடத்தைச் சுற்றி இருநூறு மீட்டருக்கு ஒரு பீரங்கி வண்டியும் வராது, ஒரு குழியும் வெட்ட மாட்டார்கள். அரசாங்கம் வாக்குக் கொடுக்கிறது.

ஏழாம் பத்தியில் இன்னொன்றும் இருந்தது. நிர்வாகம் ஒளிவுமறைவின்றி நடக்க வேண்டியிருப்பதால், எல்லா வரைபடங்களும் ஊர் அலுவலகப் பலகையில் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டப்படும்.

யோவிதா ஏழாம் பத்தியை மூன்று தடவை படித்தாள். அன்று சாயங்காலம் குளிர்ந்த பீட்ரூட் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன யோசனை?" என்றான் கஸ்பராஸ்.

"இடத்தைச் சொன்னா காப்பாத்துறாங்களாம்."

"சொல்லிரு."

"சொன்னா தேக்லேக்குத் தெரிஞ்சுருமே."

"அப்ப சொல்லாத."

"சொல்லலைன்னா பீரங்கி வண்டி ஏறிரும்."

கஸ்பராஸ் ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். "அப்ப எது மோசம்? பீரங்கி வண்டியா, தேக்லேயா?"

இதையும் கேட்க வேண்டுமா? பீரங்கி வண்டி இன்று வரும், நாளை போகும். தேக்லே பக்கத்து வீடு.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கஸ்பராஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வரைபடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டாள். பன்றிப்பள்ளத்தில் இல்லை. பழைய சுடுதளத்தில். அது ஊருக்குத் தெற்கே, சோவியத் பட்டாளம் நாற்பது வருஷம் குண்டு போட்டுப் பழகின மைதானம். மணலும் துருப்பிடித்த இரும்பும் தவிர ஒரு புல் இல்லை. காக்காய்கூட அதைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு பறக்கும். அங்கே காளான் தேடி எந்தப் பைத்தியமும் போகாது. தேக்லே போனால் போகட்டும், நன்றாக நடந்துவிட்டு வரட்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தூங்கினாள்.

மறுநாளிலிருந்து வரைபடங்கள் வந்தன. ஒவ்வொருவரும் நாலாக மடித்து, மேலே உள்ளங்கையை வைத்து மூடி, அக்கம்பக்கம் பார்த்துக் கொடுத்தார்கள். முதலில் வந்தது தேக்லேயுடையது. யோவிதா பிரித்தாள். பழைய சுடுதளம். இரண்டாவது, மளிகைக் கடைக்காரர். பழைய சுடுதளம். பத்தாவது, தபால்காரர். பழைய சுடுதளம். பலீஸ் தாத்தா என்று எண்பத்து நாலு வயசில் ஒருவர் இருந்தார். காட்டில் உண்மையாகவே எல்லா இடமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சுடுதளத்தில் வட்டம் போட்டதோடு, பக்கத்தில் "மிக நல்ல விளைச்சல்" என்றும் எழுதியிருந்தார்.

நாற்பத்து மூன்று வீடு, நாற்பத்து மூன்று வட்டம், எல்லாம் ஒரே மணல் மைதானத்தில். விதிப்படி யோவிதா அத்தனையையும் பலகையில் ஒட்டினாள். ஊர் வந்து பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்தால் தன் வட்டமும் பொய் என்று ஆகிவிடும். "பரவாயில்ல, எல்லாருக்கும் ஒரே ருசி" என்று மட்டும் மளிகைக் கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்டு கடைசியில் வில்னியஸிலிருந்து ஸ்கிர்மான்தாஸ் என்கிற அதிகாரி வந்தார். இளம் நீலச் சட்டை, தோலட்டை போட்ட கோப்பு, காளான் பறிப்பதற்கென்று கடையில் புதிதாக வாங்கின ரப்பர் பூட்ஸ். கூடவே ஜெர்மன் பட்டாளத்தின் மேஜர் ஃப்ராவ்கே லோரென்ட்ஸன். உயரமான பெண்மணி. இந்த ஊர் மொழியைப் புத்தகம் வைத்துப் படித்துக் கற்றுக்கொண்டவர். ஆகையால் பிழையில்லாமல் பேசுவார், யாரும் பேசாத மாதிரி பேசுவார்.

யோவிதா அடுக்கடுக்காகக் கிளை விட்ட முட்டைக் கேக்கை வெட்டி வைத்துக் காப்பி ஊற்றினாள். ஸ்கிர்மான்தாஸ் பெரிய வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"முடிவு மகிழ்ச்சியானது" என்றார். "நாற்பத்து மூன்று குடும்பங்களும் ஒருமனதாகச் சுட்டியிருக்கிற காரணத்தால், பழைய சுடுதளம் தேசியக் காளான் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்படுகிறது. அங்கே ராணுவம் கால் வைக்காது."

மேஜர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மன்னிக்கவும். அது சுடுதளம். சுடுவதற்காகவே உருவாக்கப்பட்டது. நாங்கள் அங்கு சுட விரும்பினோம்."

"இப்போது அது காளான் பகுதி."

"நான் நேற்று அங்கு சென்று பார்த்தேன். மணல் மட்டுமே உள்ளது."

"உங்க கண்ணுக்கு மணல். எங்க மக்களுக்கு அது பாரம்பரியம். நாற்பத்து மூணு கையெழுத்து இருக்கு மேஜர். ஒரே ஒரு ஆள் பொய் சொல்லலாம், நாற்பத்து மூணு பேர் ஒரே பொய்யைச் சொல்ல முடியுமா?"

மேஜர் யோவிதாவைப் பார்த்தார். யோவிதா கேக்கைப் பார்த்தாள்.

"அப்படியாயின் எங்கள் பயிற்சி எங்கே?"

"யாருமே குறிக்காத இடத்துல. அதாவது ஒருத்தருக்கும் பயன்படாத தரிசு நிலத்துல." ஸ்கிர்மான்தாஸ் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கோடு தேக்லே ரகசியமாகப் பறிக்கிற தேனீக்காரன் மேட்டில் தொடங்கி, மளிகைக் கடைக்காரர் பறிக்கிற ஓடைக்கரையில் நெளிந்து, இடிந்த மரப்பாலத்தைத் தாண்டிப் பன்றிப்பள்ளத்தில் வந்து நின்றது. "இங்கே பீரங்கி வண்டி நிறுத்துமிடம். இந்தக் குழி கச்சிதமா இருக்கு. எண்ணெய்த் தொட்டி புதைக்கத் தோண்டுற வேலைகூட மிச்சம்."

யோவிதாவின் கையில் இருந்த கத்தி தட்டில் விழுந்தது. "தோண்டுறது எப்போ?" என்றாள்.

"செப்டம்பர் பதினஞ்சு."

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் காளான் முளை விடும்.

ஸ்கிர்மான்தாஸ் தொலைபேசியில் பேச வெளியே போனதும் மேஜர் மெதுவாகக் கேட்டார். "அம்மையீர், அந்த மணலில் காளான் முளைக்குமா?"

யோவிதா முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவள். "கோப்புல முளைக்குது" என்றாள்.

மேஜர் தலையாட்டினார். "எனக்குப் புரிகிறது. எங்கள் கூட்டணியிலும் இத்தகைய படிவம் ஒன்று உண்டு. உபரிக் குண்டுகள் எங்கே உள்ளன, ஆபத்தில் யாருக்குக் கொடுப்பீர்கள் என்று எல்லா நாடுகளிடமும் கேட்டோம். ஒவ்வொரு நாடும், பக்கத்து நாட்டுக் கிடங்கில் உள்ளது என்று எழுதி அனுப்பியது."

"அப்புறம் எப்படித் தீர்த்தீங்க?"

"தீர்க்கவில்லை. குழு அமைத்தோம்."

விஷயம் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. ஸ்கிர்மான்தாஸ் நல்ல மனிதர்தான். திருத்தம் செய்ய விதி இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை கலாசார மன்றத்தில் பொதுக்கூட்டம். ஒவ்வொரு குடும்பமும் பழைய வட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் மெய்யான இடத்தைக் குறிக்கலாம். இல்லாவிட்டால் பதினைந்தாம் தேதி தோண்டுவதற்கு மண்வாரி இயந்திரம் வரும்.

வெள்ளிக்கிழமை மன்றம் நிறைந்துவிட்டது. மேடையில் ஸ்கிர்மான்தாஸ், மேஜர், நடுவில் யோவிதா. சுவரில் ஒரு பெரிய வரைபடம். முதலில் கருத்துக் கூறலாம் என்று ஸ்கிர்மான்தாஸ் சொன்னதுதான் தப்பு.

தபால்காரர் எழுந்தார். "பட்டாளம் வரணும். அதுல மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனா தங்கக் கூடாது."

"தங்காம எப்படிய்யா காப்பாத்துவாங்க?" என்றார் மளிகைக் கடைக்காரர். "தங்கட்டும். எங்க கடையில ரொட்டி வாங்கட்டும். காட்டுக்குள்ள மட்டும் போக வேணாம்."

"காட்டுக்குள்ள போகாம? எல்லை காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"ரோட்டு வழியா போகட்டும்."

"எதிரியும் ரோட்டு வழியாத்தான் வருவானா?"

"அவன் எந்த வழியா வந்தா நமக்கென்ன, அதுக்குத்தான் கூட்டாளிங்க இருக்காங்க."

தேக்லே எழுந்தாள். "எனக்கு ஒண்ணு தெரியணும். போலந்துக்காரங்க ஊர்ல காளான் இல்லையா? அங்க போய்த் தங்கினா என்ன? பக்கத்துலதான இருக்கு, ஆபத்துன்னா ஓடி வந்துரலாமே."

மேஜர் எழுந்து நின்றார். "அம்மையீர், போலந்துக்காரர்களிடமும் கேட்டோம். லித்துவேனியாவில் இன்னும் நல்ல காடு உள்ளது என்றார்கள்."

பலீஸ் தாத்தா பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். மன்றம் அடங்கியது.

"மேஜரம்மா, நான் தொட்டில்ல கிடக்கும்போது ஒரு பட்டாளம் வந்துச்சு. என்னன்னு கேட்டா, உதவிக்கு வந்தோம்னாங்க. அப்புறம் உங்க ஊர்ப் பட்டாளம் ஒரு மூணு வருஷம் வந்து உதவிச்சு. அப்புறம் பழைய ஆளுங்களே திரும்பி வந்து, நான் பேரன் எடுக்கிற வரைக்கும் உதவிக்கிட்டே இருந்தாங்க. இத்தனை உதவியைத் தாங்கி உயிரோட இருக்கேன்."

மேஜரின் முகம் சிவந்தது. "நான் அதைப் புத்தகத்தில் படித்துள்ளேன். வருந்துகிறேன்."

"வருத்தப்படாதீங்க. இந்தத் தடவை கேட்டுட்டு வந்திருக்கீங்க, அதுவே பெருசு. வாங்க. நீங்க இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. என் இடத்துல மட்டும் தோண்டாதீங்க."

"தங்கள் இடம் எது?"

"அதைச் சொல்றதுக்கில்ல" என்று தாத்தா உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கிர்மான்தாஸ் சிவப்புப் பேனாவை நீட்டினார். யார் முதலில்? ஒருவரும் அசையவில்லை. தபால்காரர் மளிகைக் கடைக்காரரைப் பார்த்து, "நீங்க பெரியவங்க, முதல்ல நீங்க" என்றார். மளிகைக் கடைக்காரர், "அரசாங்க உத்தியோகம் நீங்கதான், முன்னுதாரணமா இருங்க" என்றார். எல்லோரும் குறித்தால் நானும் குறிக்கிறேன் என்று நாற்பத்து மூன்று குடும்பமும் ஒன்றுபோலச் சம்மதித்தது. அந்த ஒற்றுமையைக் கண்டு ஸ்கிர்மான்தாஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

யோவிதாவுக்கு மண்வாரியின் பல் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. எழுந்தாள். பேனாவை வாங்கினாள். வரைபடத்தின் அருகே போய், இடிந்த மரப்பாலத்துக்குப் பக்கமாகக் கையைக் கொண்டுபோனாள். மன்றத்தில் அத்தனை நாற்காலியும் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்த்தாள். ஊரே கழுத்தை நீட்டியிருந்தது. தேக்லே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். யோவிதா பேனாவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போது பலீஸ் தாத்தா மறுபடியும் கையைத் தூக்கினார். "அதிகாரி ஐயா, தன் இடத்தைச் சொல்லத்தான வாய் வரல? அடுத்தவன் இடத்தைச் சொல்லச் சொல்லுங்க. பேர் போடாம, துண்டுச் சீட்டுல. தெரிஞ்சவங்க எழுதட்டும்."

"அடுத்தவங்க இடம் யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் ஸ்கிர்மான்தாஸ்.

காகிதம் கேட்டு எழுபது எண்பது கை நீண்டது.

இவ்வளவு மௌனமான, இவ்வளவு ஆர்வமான தேர்வு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் நடந்ததில்லை. சிலர் பின்பக்கமும் எழுதினார்கள். இரண்டு பேர் கூடுதல் தாள் வாங்கினார்கள். யோவிதாவும் எழுதினாள். தேனீக்காரன் மேடு, தேக்லே. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தது. எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது. தன் இடம்தான் யாருக்கும் தெரியாதே.

சீட்டுகளைப் படித்து வரைபடத்தில் குறிப்பது எழுத்தரின் வேலை. யோவிதா முதல் சீட்டைப் பிரித்து அலுவலகக் குரலில் படித்தாள். "பன்றிப்பள்ளம். யோவிதாவுடையது."

தொண்டையைச் செருமிக்கொண்டு குறித்தாள். இரண்டாவது, ஓடைக்கரை, மளிகைக் கடைக்காரர். மூன்றாவது, பன்றிப்பள்ளம், யோவிதா. நான்காவது, தேனீக்காரன் மேடு. ஐந்தாவது, பன்றிப்பள்ளம், யோவிதா, மரப்பாலத்தில் இடது பக்கப் பலகை உடைந்திருக்கிறது ஜாக்கிரதை. பதினொன்றாவது சீட்டு தச்சர்கள் வைத்திருக்கிற தடிமனான பென்சிலால் எழுதியிருந்தது. ஊரில் தச்சு வேலை செய்கிறவன் கஸ்பராஸ் ஒருவன்தான். "பன்றிப்பள்ளம்" என்று படித்துவிட்டு யோவிதா புருஷனைப் பார்த்தாள். அவன் மன்றத்தின் கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தான்.

பத்தொன்பது சீட்டில் பன்றிப்பள்ளம் இருந்தது. இருபத்தாறு வருஷம் இவள் காரை வடக்கே நிறுத்திவிட்டு நடந்த நடையெல்லாம் ஊர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. மற்றவர்கள் கதியும் அதேதான். ஒவ்வொரு சீட்டுக்கும் மன்றத்தில் ஒரு முகம் வெளுத்தது. பக்கத்து முகம் அப்பாவியாக ஜன்னலைப் பார்த்தது. கடைசியில் எண்ணினால் நூற்றுப் பன்னிரண்டு இடம். காடு முழுக்கச் சிவப்புப் புள்ளி, அம்மை போட்ட மாதிரி. வெள்ளையாக இருந்தது ஒரே ஒரு இடம். பழைய சுடுதளம்.

"ஆக, இதுதான் ஒருத்தருக்கும் பயன்படாத தரிசு நிலம்" என்றார் ஸ்கிர்மான்தாஸ், தாமே கண்டுபிடித்தவர் போல. "இது சுடுவதற்கு ஏற்ற இடம் என்பது என் கருத்து."

"தங்கள் நுண்ணறிவிற்குத் தலைவணங்குகிறேன்" என்றார் மேஜர்.

பன்றிப்பள்ளம் பிழைத்தது. மண்வாரி வராது. யோவிதா வீட்டுக்கு வந்து கஸ்பராஸுக்கு ரொட்டியை மட்டும் வைத்தாள்.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான வருஷத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"உனக்கு அது ரகசியமா இருக்கிறதுல அவ்வளவு சந்தோஷம். நான் ஏன் கெடுக்கணும்?"

"அப்ப இன்னிக்கு ஏன் எழுதின?"

"பீரங்கி வண்டி ஏறிரும்னியே. நீயா எழுத மாட்டே. யாராவது எழுதணும்ல?"

யோவிதா எழுந்துபோய் சூப்பையும் கொண்டுவந்து வைத்தாள்.

ஆனால் ஏழாம் பத்தி என்று ஒன்று இருந்ததல்லவா. விதிப்படி புது வரைபடம் பலகையில் ஏறியது. அன்றைக்கு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மறுநாள் விடியலில் ஷிலாகிரிஸ் ஊர் முழுவதும், ஒரு குழந்தை குட்டி பாக்கியில்லாமல், அடுத்தவர் இடத்தில் நின்றது. தேக்லே பன்றிப்பள்ளத்தில் குனிந்திருந்தாள். யோவிதா தேக்லேயின் மேட்டில் குனிந்திருந்தாள். விரல் அளவு முளைத்ததைக்கூட யாரும் விடவில்லை. விட்டால் அடுத்தவன் எடுப்பான். மூன்றாம் நாள் ஓடைக்கரையில் இரண்டு குடும்பம் கூடையால் அடித்துக்கொண்டது. தபால்காரர் காரின் டயரில் யாரோ கத்தியை வைத்துவிட்டார்கள், காளான் கத்திதான். நாலாம் நாள் யோவிதாவின் மேசையில் நாற்பத்து மூன்று மனு இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: என் இடத்தை என் அயலாரிடமிருந்து காப்பாற்றுங்கள்.

நாற்பத்து மூன்றாவது மனு யோவிதா யோவிதாவுக்கு எழுதியது. முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பினாள்.

மேலிடம் ஆலோசித்தது. இடங்களைக் காப்பதாக அரசாங்கம் வாக்குக் கொடுத்திருக்கிறது, வாக்கு வாக்குதான். ஆனால் உள்ளூர்க் காவலர்கள் இரண்டு பேர், அதில் ஒருவருக்கு மூட்டுவலி. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். தங்குகிற நாட்டின் பாதுகாப்புக்கு உதவி கோரினால் கூட்டாளிப் படை தட்டக் கூடாது என்று இருந்தது. கோரினார்கள். மேஜர் தட்டவில்லை, ஒப்பந்தம் என்றால் அவர் ஊரில் ஒப்பந்தம். நூற்றுப் பன்னிரண்டு இடம், நாளுக்கு மூன்று முறைக் காவல், ஆக முந்நூற்று முப்பத்தாறு பேர். அதற்குள் ஷிலாகிரிஸுக்கு வந்து முகாம் போட்டிருந்தவர்கள் மொத்தம் முந்நூற்று நாற்பது. மிச்சம் நான்கு பேர் சமையல்காரர்கள். சுடுதளம் தயாராக இருந்தது. சுடுவதற்குத்தான் ஆள் இல்லை. ஐரோப்பாவிலேயே சதுர மைலுக்கு அதிகப் பட்டாளம் நிற்கிற காடு இதுதான் என்று ஸ்கிர்மான்தாஸ் அறிக்கை எழுதினார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அடுத்த வாரம் யோவிதா கூடையோடு பன்றிப்பள்ளத்துக்குப் போனாள். காரை நேராகப் பாலத்தருகே நிறுத்தினாள். இனி யாருக்காக மறைக்க? குழியைச் சுற்றிச் சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு உள்ளே ஒரு சிப்பாய், நாற்பது வயசிருக்கும், நரைத்த மீசை, தோளில் துப்பாக்கி. அவன் பூட்ஸுக்குப் பின்னால் பாராவிகாஸ் இரண்டாம் விளைச்சல், கொத்துக்கொத்தாக.

அவள் கயிற்றைத் தூக்கினாள். அவன் கையைக் காட்டி நிறுத்தித் தன் கைபேசியிடம் ஏதோ பேசினான். கைபேசி அதை மொழிபெயர்த்துப் பெண் குரலில் அவளிடம் சொன்னது. "அனுமதிச் சீட்டு தேவை."

"யார்கிட்ட வாங்கணும்?"

"ஊர் அலுவலக எழுத்தரிடம்."

"நான்தான்யா எழுத்தர். இது என் இடம்."

கைபேசி கேட்டுச் சொன்னது. சிப்பாய் மரியாதையாகத் தலை குனிந்தான். கைபேசி சொன்னது: "இன்று பதினேழு நபர்கள் இது தங்கள் இடம் என்று கூறினார்கள். தங்கள் கணவர் இருமுறை கூறினார்."

யோவிதா கூடையைக் கீழே வைத்தாள். காளானைப் பார்த்தாள். அதில் இரண்டு ஏற்கெனவே முற்றித் தொப்பி வெடித்துப் புழு வைத்திருந்தது. அவனைப் பார்த்தாள். அவன் ஊரைப் பார்த்து நின்றான், எல்லைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஏம்பா, எதிரி அந்தப் பக்கம்தான இருக்கான். நீ ஏன் இந்தப் பக்கம் பார்த்து நிக்கிற?"

அவன் கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டான். யோசித்தான். பதில் சொன்னான்.

"உத்தரவு" என்றது கைபேசி. "அந்தத் திசையிலிருந்து இதுவரை புகார் எதுவும் பதிவாகவில்லை."

பதினோரு கிலோமீட்டர் காடு அவன் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்தது. யோவிதாவுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"சரி, இதைக் கேட்டுச் சொல்லு. தேனீக்காரன் மேட்டுல ஆள் நிக்குதா? தேக்லேயை உள்ளே விடுறாங்களா?"

சிப்பாய் கம்பியில்லாக் கருவியில் விசாரித்தான். பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"அங்கு ஒருவர் நிற்கிறார். அம்மையார் காலையிலிருந்து கயிற்றிற்கு வெளியே அமர்ந்திருக்கிறார். உள்ளே விடவில்லை. மேலும், இங்கு தங்களை உள்ளே விட்டார்களா என்று இருமுறை விசாரித்தார்."

"என்ன சொன்னீங்க?"

"இல்லை என்று கூறினோம். சமாதானம் அடைந்தார்."

யோவிதா காலிக் கூடையை எடுத்து, பழக்கத்தில் பெரணி இலையால் மூடிக்கொண்டாள். "நல்லா காவல் காத்துட்டு இருங்க" என்று சிப்பாயிடம் சொல்லிவிட்டு, நிம்மதியாகக் காரை நோக்கி நடந்தாள்.